காமர்ஸ்காரனுக்கு வெக்டர் எதற்கு?

"அதெல்லாம் ஃபர்ஸ்ட் குரூப் பசங்களுக்குப்பா, உனக்கெதுக்கு?"

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு காமர்ஸ் பக்கம் போன எந்த மாணவனும் மாணவியும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்திருக்க முடியாது. கேட்பவர் சித்தப்பாவாக இருக்கலாம், டியூஷன் வாத்தியாராக இருக்கலாம், எதிர்வீட்டு இன்ஜினியரிங் அண்ணனாகவும் இருக்கலாம். அந்த "அதெல்லாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கும் பட்டியல் நீளமானது. அதில் முக்கியமான ஒன்று வெக்டர். தலையில் தொப்பி வைத்த ஐ, ஜே, கே.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் வெக்டர் இயற்கணிதம் ஒரு முழு அத்தியாயம். பன்னிரண்டாம் வகுப்பில் அதன் பயன்பாடுகள் இன்னொரு அத்தியாயம். காமர்ஸ் மாணவர்கள் கையில் இருக்கும் வணிகக் கணிதப் புத்தகத்தில் அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது. யாரும் இதைப் பெரிய அநியாயமாக நினைப்பதில்லை. காமர்ஸ்காரனுக்கு வெக்டர் எதற்கு என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

இது தவறு. கொஞ்சநஞ்சத் தவறு அல்ல. ஒரு வெக்டரை அலகு வெக்டர்களின் நேரியல் சேர்க்கையாக எழுதுவது என்ற சமாச்சாரம் இயற்பியலுக்குச் சொந்தமான அளவுக்கு வணிகத்துக்கும் சொந்தம். அதை ஒரு கூட்டத்துக்கு மந்திரமாகக் கற்பித்து, இன்னொரு கூட்டத்துக்குக் கண்ணில்கூடக் காட்டாமல் விட்டதில் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

மளிகைச் சீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்

அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோகும் சீட்டு. அரிசி 5 கிலோ, நல்லெண்ணெய் 2 லிட்டர், தேங்காய் 4. இதைப் பார்த்துவிட்டு 5 + 2 + 4 = 11 என்று யாராவது கூட்டுவார்களா? கூட்டினால் அண்ணாச்சி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். 11 என்ன? கிலோவா, லிட்டரா, காயா?

அடுத்த வாரச் சீட்டில் அரிசி 3, எண்ணெய் 1, தேங்காய் 6. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்றால் அரிசி 8, எண்ணெய் 3, தேங்காய் 10. அரிசி அரிசியோடு, எண்ணெய் எண்ணெயோடு. வீட்டில் விசேஷம் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். கூட்டலாம், ஓர் எண்ணால் பெருக்கலாம், ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கக்கூடாது. வெக்டர் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

"ஒரு கிலோ அரிசி", "ஒரு லிட்டர் எண்ணெய்", "ஒரு தேங்காய்" மூன்றும் அடிப்படைகள். சீட்டு என்பது முதலாவதின் 5 மடங்கு, இரண்டாவதின் 2 மடங்கு, மூன்றாவதின் 4 மடங்கு. பெருக்கு, கூட்டு... வேறு வேலை இல்லை. பயமுறுத்தும் பெயரான "நேரியல் சேர்க்கை" இதைத்தான் சொல்கிறது. பாடப்புத்தகத்தின் ஐ என்பது கிழக்கே ஓர் அடி, ஜே என்பது வடக்கே ஓர் அடி, கே என்பது மேலே ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் 3 ஐ + 4 ஜே என்பதும் ஒரு சீட்டுதான். கிழக்கே மூன்று, வடக்கே நான்கு. நடுவில் இருக்கும் அந்தக் கூட்டல் குறி இரண்டையும் கரைத்து ஏழு ஆக்குவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது.

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐ, ஜே, கே மூன்றுக்கும் மளிகைச் சீட்டில் இல்லாத இரண்டு குணங்கள் உண்டு. ஒவ்வொன்றின் நீளமும் 1. ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால்தான் 3 ஐ + 4 ஜே என்பதன் நீளம் பிதாகரஸ்படி 5 என்று சொல்ல முடிகிறது. 5 கிலோ அரிசிக்கும் 2 லிட்டர் எண்ணெய்க்கும் பிதாகரஸ் போட்டு √29 என்று விடை கொண்டுவந்தால் அது எதன் நீளம்? அர்த்தமே இல்லை. ஆக, ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரிப்பது ஒரு விஷயம், அந்தக் கூறுகளுக்கு நீளமும் கோணமும் இருப்பது வேறு விஷயம். வகுப்பறையில் இரண்டும் ஒரே மூச்சில் வந்துபோவதால், முதலாவது இயற்பியலுக்கு வெளியிலும் இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

தொப்பி எங்கிருந்து வந்தது?

ஏன் ஐ, ஜே, கே? ஏன் ஏ, பி, சி இல்லை? எத்தனை வகுப்பறைகளில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும், எத்தனையில் பதில் கிடைத்திருக்கும்?

1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரில் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. குவாட்டர்னியன் என்ற புதுவகை எண்கள். அதன் சூத்திரத்தை அங்கேயே ஒரு பாலத்துக் கல்லில் கீறி வைத்தார். அந்த ஐ, ஜே, கே அங்கே பிறந்தவை. அடுத்த ஆண்டே, 1844இல், ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன் எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்தும் ஒரு முழுக் கோட்பாட்டையே புத்தகமாகப் போட்டார். யாரும் சீந்தவில்லை. பிற்பாடு மனிதர் சமஸ்கிருதம் பக்கம் போய் ரிக் வேதத்துக்கு அகராதி எழுதினார்! 1880களில் அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும் குவாட்டர்னியனில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைய வெக்டர் முறையைத் தனித்தனியே உருவாக்கினார்கள். கிப்ஸ் தன் மாணவர்களுக்காக 1881இல் அச்சடித்த குறிப்புகள்தான் இன்றைய பாடப்புத்தக முறைக்கு ஒரு மூலம். ஹாமில்டன் கட்சிக்கும் கிப்ஸ் கட்சிக்கும் 1890களில் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது.

அதாவது இந்தக் குறியீடு ஆகாயத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தது. அதனால் வேறு விதமாகவும் தேர்ந்தெடுக்கலாம். வகுப்பறை மறைப்பது சரியாக இந்த விஷயத்தைத்தான்.

ஒரே புள்ளி, இரண்டு விலாசம்

பரீட்சைத் தாள்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ஒரு தவறு உண்டு. ஐயும் அலகு, ஜேயும் அலகு, எனவே ஐ + ஜே என்பதும் அலகு வெக்டர் என்று எழுதிவிடுவது. அதன் நீளம் √2, சுமார் 1.414. √2 ஆல் வகுத்தால்தான் அலகு ஆகும். திருத்துபவர் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அது யாருக்கும் கிடைப்பதில்லை.

(ஐ + ஜே) / √2 என்பது வடகிழக்கே ஓர் அடி. (ஐ − ஜே) / √2 என்பது தென்கிழக்கே ஓர் அடி. இவையும் ஒன்றுக்கொன்று செங்குத்து. பழைய 3 ஐ + 4 ஜே என்பதை இந்தப் புதிய திசைகளில் எழுதினால் கூறுகள் 7/√2, −1/√2. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 49/2 + 1/2 = 25. நீளம் அதே 5. அம்பு நகரவே இல்லை, விலாசம் மட்டும்தான் மாறியது.

இப்போது அந்த 7ஐயும் −1ஐயும் உற்றுப் பார்த்தால் போதும். 7 என்பது 3 + 4. −1 என்பது 3 − 4. ஒன்று மொத்தம், இன்னொன்று வித்தியாசம். ஒரு மாணவி தமிழில் 30, கணக்குப் பதிவியலில் 40 வாங்கியிருக்கிறாள் என்றால் மொத்தம் 70, வித்தியாசம் −10. இந்த இரண்டும் கையில் இருந்தால் பழைய மதிப்பெண்களைத் திரும்ப எடுத்துவிடலாம். (70 − 10) / 2 = 30, (70 + 10) / 2 = 40. ஆனால் 70 மட்டும் இருந்தால்? முடியாது. அவள் 35, 35 வாங்கினாளா, 60, 10 வாங்கினாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மொத்தம் போடுவது என்றால் இரண்டு கூறுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுவது. இதை வெக்டர் படித்தவர்கள் ஒரு நொடியில் பார்க்க வேண்டும். ஆனால் வெக்டர் படித்தவர்களை வரிசைப்படுத்துவதே இந்தக் குப்பைத்தொட்டி முறையில்தான்!

பொறியியல் கட்-ஆஃப் எப்படிப் போடுகிறார்கள்? கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக 200. ஒருவர் 90, 80, 80 எடுத்தால் 90 + 40 + 40 = 170. இன்னொருவர் 75, 95, 95 எடுத்தால் 75 + 47.5 + 47.5 = 170. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பலம். பட்டியலில் ஒரே எண். சமன் ஆனால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார், அடுத்து இயற்பியலைப் பார் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதாவது தூக்கிப்போட்ட கூறுகளைத் தேடி மறுபடி குப்பைத்தொட்டிக்கே போகிறார்கள். எதிலும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண்.

வரிசை என்று ஒன்று வேண்டுமே, ஓர் எண் இல்லாமல் எப்படி வரிசைப்படுத்துவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று கூறுகளை வரிசைப்படுத்த ஏதோ ஓர் எண்ணாகச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் 1, ½, ½ என்ற எடைகள் பிரம்மா எழுதியவை அல்ல, யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. வேறு எடை போட்டால் வேறு ஆள் முன்னால் வருவார். இது தெரிந்த மாணவன் 170ஐத் தன் நெற்றியில் எழுதிய எழுத்தாக நினைக்கமாட்டான். தெரியாதவன் நினைப்பான். அரை மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கிடக்கும் ஊரில் இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

காமர்ஸ் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் வெக்டர்

சரி, காமர்ஸ் மாணவர்கள் வெக்டர் படிப்பதே இல்லையா? தினமும் படிக்கிறார்கள். பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை.

வாடகை 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. குறிப்பேட்டில் வாடகைக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. பற்றுக்கு + என்றும் வரவுக்கு − என்றும் வைத்தால் வாடகைத் திசையில் +5,000, ரொக்கத் திசையில் −5,000. ஒவ்வொரு கணக்கும் ஒரு திசை. ஒவ்வொரு பதிவும் ஒரு வெக்டர். பேரேட்டில் எடுத்தெழுதுவது என்றால் ஒவ்வொரு திசையின் கூறையும் தனித்தனியே கூட்டிக்கொண்டு போவது. இரட்டைப் பதிவு என்ற விதி சொல்வது, எந்தப் பதிவிலும் கூறுகளின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதை.

இருப்பாய்வு சரிபார்ப்பதும் அந்த ஒரே பூஜ்யத்தைத்தான். அதனால்தான் வாடகையைச் சம்பளக் கணக்கில் எழுதிவிட்டாலும் இருப்பாய்வு சமன் ஆகிவிடுகிறது. "இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள்" என்று பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்களே, அந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒரே வரியில் அடங்கிவிடும். பல கூறுகளை ஓர் எண்ணாகச் சுருக்கினால் சில தவறுகள் கண்ணுக்குத் தெரியாது. கட்-ஆஃப் கதைதான். ஆள்தான் வேறு.

இரட்டைப் பதிவை 1494இல் முதன்முதலாக அச்சில் விரிவாக விளக்கிய லூக்கா பாசியோலி ஒரு கணித ஆசிரியர். அணிக் கோட்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரான ஆர்தர் கேய்லி, சாவதற்கு முந்தைய ஆண்டான 1894இல் இரட்டைப் பதிவுக் கணக்கு பற்றியே ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அவர்களுக்குத் தெரிந்த உறவு இங்கே ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் என்று சுவர் எழுப்பியவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வணிகக் கணிதத்தில் வரும் லியோன்டிஃப் உள்ளீடு-வெளியீடு கணக்கு. 1973இல் பொருளியல் நோபல் வாங்கிக் கொடுத்த விஷயம். பிள்ளைகள் அதை எப்படிப் போடுகிறார்கள்? அலகு அணியிலிருந்து தொழில்நுட்ப அணியைக் கழி, நேர்மாறு கண்டுபிடி, தேவையால் பெருக்கு, ஐந்து மார்க் வாங்கு. என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

மின்சாரம், இரும்பு என்று இரண்டு தொழில்கள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய் மதிப்புள்ள எந்தப் பொருளைச் செய்யவும் 20 காசுக்கு மின்சாரமும் 30 காசுக்கு இரும்பும் தேவை. நேர்மாறு அணியைக் கணக்கிட்டால் முதல் நிரல் 1.4, 0.6. இரண்டாம் நிரல் 0.4, 1.6. இதன் அர்த்தம்: மக்களுக்கு ஒரு ரூபாய் மின்சாரம் போய்ச் சேர வேண்டுமானால் நாடு மொத்தம் 1.40 ரூபாய்க்கு மின்சாரமும் 60 காசுக்கு இரும்பும் உற்பத்தி செய்ய வேண்டும். ஒரு ரூபாய் இரும்பு போய்ச் சேர 40 காசு மின்சாரம், 1.60 ரூபாய் இரும்பு. தேவை 10 ரூபாய் மின்சாரம், 5 ரூபாய் இரும்பு என்றால் முதல் நிரலின் 10 மடங்கையும் இரண்டாம் நிரலின் 5 மடங்கையும் கூட்டினால் முடிந்தது. மின்சாரம் 14 + 2 = 16, இரும்பு 6 + 8 = 14.

10 மடங்கு, 5 மடங்கு, கூட்டல். நேரியல் சேர்க்கை! அந்த அலகு அணியின் நிரல்களான (1, 0), (0, 1) இரண்டும் வேறு யாருமில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டு வந்த ஐயும் ஜேயும்தான். அறிமுகப்படுத்தாமலேயே பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. மளிகைச் சீட்டில் நீளமும் கோணமும் இல்லை என்று மேலே ஒத்துக்கொண்டாயிற்று. வணிகவியலில் எங்குமே இல்லையா? புள்ளியியல் தாளில் கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழு என்று ஒன்று எல்லா பி.காம் மாணவர்களும் உருப்போடுவது. சராசரியிலிருந்து விலக்கம் எடு, பெருக்கிக் கூட்டு, வர்க்கங்களின் கூட்டுத்தொகைகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதனால் வகு. 1, 2, 3 என்ற எண்களும் 2, 1, 3 என்ற எண்களும் இருந்தால் விலக்கங்கள் (−1, 0, 1), (0, −1, 1). பெருக்கிக் கூட்டினால் 1. கீழே √(2 × 2) = 2. விடை 0.5.

இந்தச் சூத்திரத்தை வெக்டர் படித்த ஒரு பையனிடம் காட்டினால், இரண்டு வெக்டர்களுக்கு இடையிலான கோணத்தின் கொசைன் என்பான். 0.5 என்றால் 60 டிகிரி. இரண்டு விலக்க வெக்டர்களையும் அலகு வெக்டர்களாக்கிப் புள்ளிப் பெருக்கம் எடுப்பதுதான் ஒட்டுறவு. கெழு ஏன் −1க்கும் +1க்கும் நடுவிலேயே இருக்கிறது என்ற இரண்டு மார்க் கேள்விக்குப் பதிலும் இதுவே. கொசைன் அதைத் தாண்டிப் போகாது. காமர்ஸ்காரன் இதை மனப்பாடம் செய்கிறான், சயின்ஸ்காரன் இதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாமல் மறக்கிறான். ஆளுக்குப் பாதி.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

ஒன்று, பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் மூன்று விஷயங்களை ஒரே விஷயம் என்று காட்டினால் சுமை குறையுமா, கூடுமா?

இரண்டு, காமர்ஸ் எடுப்பவர்களே கணக்குக்குப் பயந்து வருபவர்கள், வெக்டர் என்றால் ஓடிவிடுவார்கள் என்பார்கள். இது வாதமே இல்லை, முத்திரை குத்துவது. பயந்து வருபவர்களும் உண்டு, வீட்டுச் சூழலால் வருபவர்களும் உண்டு, ஆசைப்பட்டு வருபவர்களும் உண்டு. ஐம்பது கணக்குகளின் பேரேட்டைச் சமன்படுத்தும் பெண்ணுக்கு ஐம்பது திசைகளில் வேலை செய்யத் தெரியும். அவளிடம் மூன்று திசையைக் காட்டினால் ஓடிவிடுவாள் என்பது என்ன நியாயம்?

மூன்று, வேலைக்குப் பயன்படாது என்பார்கள். பொருளியல் முதுகலை நுழைவுத் தேர்வுகள் சிலவற்றில் லீனியர் அல்ஜீப்ரா கேட்கிறார்கள். டேட்டா அனாலிசிஸ் வேலை என்றால் முதல் படியே அதுதான். பதினைந்து வயதில் "உனக்கெதுக்கு" என்று மூடிய கதவின் முன்னால் இருபத்தொரு வயதில் போய் நிற்கும்போது, மூடிய சித்தப்பா பக்கத்தில் இருக்கமாட்டார்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வணிகக் கணிதத்தில் அணிகளுக்கு முன்னால் பத்துப் பக்கம். மளிகைச் சீட்டு, பேரேடு, திசைகள், நேரியல் சேர்க்கை. சயின்ஸ் குரூப் புத்தகத்திலும் பத்துப் பக்கம். ஐ, ஜே, கே ஒரு தேர்வு மட்டுமே என்றும், எப்போது மாற்றலாம் என்றும், கூறுகளைச் சுருக்கினால் எது தொலைகிறது என்றும்.

அண்ணாச்சிக்கு இது தெரியும். அவர் சீட்டைப் பார்த்து அரிசியையும் எண்ணெயையும் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில்தான் விலை போட்டு மொத்தம் சொல்கிறார். மொத்தத்தைச் சொன்ன பிறகும் சீட்டைக் கிழித்துப் போடுவதில்லை, பையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

பிள்ளைகளுக்கு மொத்தம் போடுபவர்கள்தான் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள்.